நாட்பட்ட வியாதியும் பிள்ளைப்பேறும்

(கிராம ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்துக்கென எழுதப்பட்ட பிரசங்கம்)



காவேரிப் பாசனத்தில் பயிரிடும் குடியானவர்களுக்கு ஒரு விஷயத்தை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-ஆம் தேதிக்கு முன்னரே வாய்க்கால்களைத் தூர்வாரி, மதகுகளைச் செப்பனிட்டு, கரையில் உடைப்பு இருந்தால் அடைத்துவிட வேண்டும். தண்ணீர் வந்து சேர்ந்த பின் மண்வெட்டியைத் தேடுகிறவனுக்கு அந்த வருஷம் குறுவை இல்லை. விதைக்கும் உரத்துக்கும் சங்கத்தில் கடன் மனுச் செய்துகொள்வதும் நடவுக்கு முன்னரேயன்றிப் பின்னர் அன்று. விவசாயத்தில் இவ்வளவு முன்யோசனையுள்ள குடும்பங்கள், வீட்டில் ஒரு ஸ்திரீ கர்ப்பம் தரிப்பதைக் குறித்து மட்டும், அது நேர்ந்த பின்னரே யோசிக்கத் தொடங்குகின்றன. ஆரோக்கியமான ஸ்திரீக்கு இதனால் பெருந்தீங்கு நேராமற் போகலாம். ஆனால் சோகை, நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, வலிப்பு, இருதய நோய், தைராய்டுக் கோளாறு முதலிய நாட்பட்ட வியாதியுள்ளவளுக்கு அந்தத் தாமதமே தாயின் உயிருக்கும் சிசுவின் அங்கங்களுக்கும் அபாயமாக முடியக்கூடும்.

இவ்விஷயத்தில் கிராமங்களில் இரண்டு தவறான எண்ணங்கள் வழங்கி வருகின்றன. முதலாவது, வியாதியுள்ளவள் பிள்ளை பெறத் தகுதியற்றவள் என்பது. இரண்டாவது, கர்ப்பம் தரித்துவிட்டால் அவள் உட்கொண்டு வந்த மருந்துகளையெல்லாம் அன்றே நிறுத்திவிட வேண்டும் என்பது. இரண்டும் பிசகு. நாட்பட்ட வியாதியுள்ள ஸ்திரீகளில் மிகப் பெரும்பாலார் சுகமாகப் பிரசவித்து ஆரோக்கியமான குழந்தைகளைப் பெறக்கூடியவர்களே. அதற்கு வேண்டியது யாதெனில், கர்ப்பத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்னதாகவே டாக்டரிடம் சென்று, வியாதியை அடக்கத்துக்குக் கொண்டுவந்து, மாற்ற வேண்டிய மருந்துகளை மாற்றிக்கொண்டு, அதன் பின்னர் கர்ப்பம் தரிப்பதாகும். அதுவரையில் கர்ப்பத்தைத் தள்ளிவைக்கும் முறைகளையும் அதே டாக்டர் சொல்லிக்கொடுப்பார். அவ்வாறு தள்ளிவைப்பதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை.

மூன்று மாதம் முன்னதாக என்று சொல்வதற்குக் காரணமுண்டு. கர்ப்பம் தரித்த 28 நாட்களுக்குள் சிசுவின் மூளைக்கும் முதுகுத் தண்டுக்கும் ஆதாரமான நரம்புக் குழாய் மூடிக்கொண்டு விடுகிறது. அதாவது, மாதவிலக்கு தவறி இரண்டு வாரம் ஆவதற்குள் அந்த வேலை முடிந்து விடுகிறது. எட்டு வாரங்களுக்குள் இருதயமும் மற்றப் பிரதான அங்கங்களும் உருவாகிவிடுகின்றன. ஆனால் குடும்பங்களில் நடப்பது என்ன? முதல் மாதம் தவறினால் சந்தேகம். இரண்டாம் மாதம் தவறினால் மாமியாரிடம் தெரிவித்தல். அப்போது நடவுக் காலமாயிருந்தால், நடவு முடியட்டும் என்று தள்ளிவைத்தல். மூன்றாம் மாதத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேரும்போது, சிசுவின் அங்கங்கள் அமையவேண்டிய காலம் கழிந்துபோயிருக்கும். அதன் பின் செய்யும் சிகிச்சை தாய்க்கு மிகவும் பிரயோஜனப்படும்; சிசுவின் அங்கத்தில் ஏற்கெனவே விழுந்துவிட்ட குறையை மாற்றாது.

இந்த உண்மையின் ஒரு பகுதி தெளிவானதில் இந்தியாவுக்கும், சிறப்பாகத் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. 1928-ஆம் வருஷத்தில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மாது டாக்டர், மார்கரெட் பால்ஃபர் என்னும் மற்றொரு மாது டாக்டரின் அழைப்பின் பேரில் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழை ஸ்திரீகளுக்குக் கர்ப்ப காலத்தில் உண்டாகி அனேகரைக் கொன்று வந்த கொடிய சோகையின் காரணத்தை ஆராய்வதே அவர் நோக்கம். 1929-இல் அவர் தம் ஆராய்ச்சியைக் குன்னூர் பாஸ்டியர் நிலையத்தில் நடத்தினார். 1931-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில், இன்று கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என வழங்கும் கோஷா ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். சோகைக்குக் காரணம் ஏதோ ஒரு கிருமி அன்று, அந்த ஸ்திரீகளின் உணவிலிருந்த குறையே என்று அவர் கண்டார். மலிவான ஈஸ்ட் சத்தைக் கொடுத்து அவர்களைக் குணப்படுத்தினார். அந்தச் சத்தில் இருந்து குணம் செய்த பொருளை 1941-இல் அமெரிக்காவில் ஒரு வகைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதுவே இன்று ஃபோலிக் அமிலம் என்று வழங்குவது.

ஐம்பது வருஷங்களுக்குப் பின் அதே பொருளின் மற்றொரு குணம் தெளிவாயிற்று. நரம்புக் குழாய்க் குறையுள்ள குழந்தையை முன்னர் ஒருமுறை பெற்ற ஸ்திரீகள், கர்ப்பத்துக்கு முன்னரே தொடங்கி இம்மாத்திரையை உட்கொண்டால், அக்குறை மறுமுறை வருவது ஏறக்குறைய முக்கால் பங்கு குறைகிறது என்பதை இங்கிலாந்திலிருந்து நடத்தப்பட்ட பெரிய பரிசோதனை 1991-இல் நிரூபித்தது. ஆகையால் கர்ப்பத்தை விரும்பும் எல்லா ஸ்திரீகளும் ஒரு மாதம் முன்னிருந்தே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்வது நன்று. நீரிழிவோ வலிப்போ உள்ளவர்களுக்கு அதைவிட அதிக அளவு வேண்டியிருக்கும்; அதை டாக்டரே நிர்ணயிக்க வேண்டும். மாத்திரையின் விலை அற்பம். தவறுவது காலம் ஒன்றே.

இனி, இப்பிரதேசத்தில் மிகுதியாய்க் காணப்படும் வியாதிகளை ஒவ்வொன்றாகக் கவனிக்கலாம்.

முதலாவது சோகை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட ஸ்திரீகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சோகை உண்டென்று 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டியது. கர்ப்பமில்லாத ஸ்திரீயின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையலாகாது. சோகையுள்ளவள் பிரசவத்தில் நேரும் சிறிய இரத்தப் போக்கையும் தாங்கமாட்டாள். இதை ஏழாம் மாதத்தில் கண்டுபிடித்தால் சரிசெய்ய அவகாசம் போதாது. கர்ப்பத்துக்கு முன்னர் கண்டுபிடித்தால் சில மாதம் இரும்புச் சத்து மாத்திரையிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். அந்த மாத்திரையைக் காப்பியுடன் சேர்த்து உட்கொண்டால் சத்து உடம்பில் நன்றாகச் சேராது. எலுமிச்சஞ்சாறோ நெல்லிக்கனியோ உடனிருந்தால் நன்றாய்ச் சேரும். வெறுங்காலோடு அசுத்த மண்ணில் நடப்பவர்களைக் கொக்கிப் புழு பாதத்தின் வழியே பற்றிக் குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். அதற்குரிய மாத்திரையையும் கர்ப்பத்துக்கு முன்னரே உட்கொண்டுவிடுவது உத்தமம்.

சோகையின் வேர் அடுப்பங்கரையில் இருக்கிறது. குன்னூரில் சர் ராபர்ட் மக்காரிசன், இந்தியாவின் பல பகுதி ஜனங்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, கோதுமை, பால், பருப்பு, காய்கறி உண்ணும் சீக்கியர் உணவு முதலிடமும், சோற்றையே பிரதானமாகக் கொண்ட சென்னை மாகாணத்து உணவு கடைசி வரிசையும் பெற்றன. நெல் விளையும் சீமையில் இது சிந்திக்கத்தக்கது. சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாள் முன்னர் வயலில் உளுந்தும் பயறும் விதைப்பது டெல்டாவின் வழக்கம். விளைந்ததையெல்லாம் மூட்டை கட்டி விற்றுவிடாமல் வீட்டுக்கென்று ஒரு பங்கை நிறுத்திவைப்பதும், எல்லோரும் உண்ட பின் மிஞ்சியதை உண்ணும் மருமகளுக்கு அதில் உரிய பங்கு கிடைக்கச் செய்வதும் வைத்தியத்தில் பாதி.

இரண்டாவது நீரிழிவு. சர்க்கரை அளவு மிகுந்திருக்கும்போது கர்ப்பம் தரித்தால், முன்சொன்ன எட்டு வாரங்களில் சிசுவின் இருதயமும் முதுகுத் தண்டும் கெட ஏதுவாகும், கருச்சிதைவும் நேரலாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. அது 6.5 சதவிகிதத்துக்குக் கீழ் வந்த பின்னர் கர்ப்பம் தரிப்பது நலம். 10 சதவிகிதத்துக்கு மேலிருந்தால் கட்டாயம் தள்ளிவைக்க வேண்டும். கண்ணையும் சிறுநீரகத்தையும் அப்போதே பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் கர்ப்பம் அவற்றில் ஏற்கெனவேயுள்ள கோளாறை மிகைப்படுத்தக்கூடும். முந்தின கர்ப்பத்தில் மட்டும் சர்க்கரை வந்து, பிரசவத்தின் பின் மறைந்துவிட்டதாக நிம்மதியாயிருப்பவர்களும் அடுத்த கர்ப்பத்துக்கு முன் பரிசோதித்துக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள். 75 கிராம் குளுக்கோஸ் பருகச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து 140 மில்லிகிராம் எட்டினால் கர்ப்பகால நீரிழிவென்று கொள்ளும் சுலபமான முறையைச் சென்னையில் டாக்டர் வி. சேஷய்யாவும் அவர் சகாக்களும் பரவச் செய்தார்கள். பட்டினியோடு வர வேண்டியதில்லையாதலால் தூரத்துக் கிராமத்து ஸ்திரீகளுக்கு அது மிகவும் அனுகூலம்.

மூன்றாவது இரத்தக் கொதிப்பு. இதற்கு உட்கொள்ளும் மருந்துகளில் சில தாய்க்கு நல்லவையாயினும் சிசுவின் சிறுநீரகத்துக்குத் தீங்கானவை. எனலாப்ரில் போலப் "பிரில்" என்று முடிவனவும், லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் போலச் "சார்ட்டான்" என்று முடிவனவும் அவ்வகையின. அவற்றுக்குப் பதிலாக லேபெடலால், நிபெடிபின், மெதில்டோபா முதலியவற்றை டாக்டர் கொடுப்பார். மாற்றிக்கொள்ள வேண்டுமேயன்றி நிறுத்திவிடலாகாது. 2021-இல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். வருகிறவரிடம், "இந்த வீட்டில் பிள்ளைப்பேற்றை விரும்புகிறார்கள்" என்று ஒரு வார்த்தை முன்னதாகத் தெரிவித்தால், அவர் தக்க டாக்டரிடம் அனுப்பிவைப்பார்.

நான்காவது வலிப்பு. சோடியம் வால்ப்ரோயேட் என்னும் மருந்தைக் கர்ப்பத்தில் உட்கொண்டால் ஏறக்குறையப் பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்கு அங்கக் குறையும், பத்தில் மூன்று நான்குக்கு அறிவு வளர்ச்சியில் தடையும் உண்டாகின்றன. ஆனால் இதைக் கேட்டவுடன் மாத்திரையை எறிந்துவிடுவது அதனினும் கொடிது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு தொடர்ந்து வந்து தாயின் உயிரையே கொள்ளை கொள்ளும். வேறு மருந்துக்குச் சிறிது சிறிதாக மாற்றுவதற்குப் பல வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள், பிடிக்கும். ஆதலாலேயே முன்கூட்டிச் செல்ல வேண்டும்.

ஐந்தாவது இருதய நோய். சிறு வயதில் தொண்டைப் புண்ணும் மூட்டு வலியுமாக வந்த காய்ச்சல், சிலருக்கு இருதயத்தின் கதவுகளைச் சுருக்கிவிட்டுப் போகிறது. வருஷக்கணக்காக அது வெளியே தெரியாமலிருக்கும். கர்ப்பத்தில் உடம்பின் இரத்த அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகப் பெருகும்போது, அந்தச் சுருங்கிய கதவு தாங்காமல் மூச்சுத் திணறல் உண்டாகும். சிறு மதகின் வழியே பெருவெள்ளத்தை விட்டது போலாகும். நடவுப் பாத்தியில் மற்றவர்களைவிடச் சீக்கிரம் மூச்சு வாங்கி நிற்கும் பெண்ணைச் சோம்பேறி என்று ஏசாமல், இருதயப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். சுருங்கிய கதவைக் கர்ப்பத்துக்கு முன்னர் விரித்துவிட முடியும். செயற்கைக் கதவு பொருத்தப்பட்டு இரத்தம் உறையாதிருக்க மருந்துண்பவர்கள், டாக்டரோடு கலந்து திட்டமிடாமல் கர்ப்பம் தரிப்பது பேராபத்து.

தைராய்டு மருந்து உண்பவர்களுக்குக் கர்ப்பம் உறுதியானவுடனே சுமார் கால் பங்கு அதிக அளவு தேவைப்படுவது வழக்கம். ஆகவே முன்னரே பரிசோதித்து, எப்போது, எவ்வளவு கூட்டுவது என்பதை டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் உறிஞ்சும் மருந்தை நிறுத்தலாகாது. க்ஷயத்துக்கு மருந்துண்பவர்கள் அச்சிகிச்சையை முற்றும் முடித்த பின்னர் கர்ப்பம் தரிப்பது நலம்.

இவையெல்லாம் ஆஸ்பத்திரியில் தீர வேண்டிய காரியங்கள். ஆயினும் பெரும்பாலான துன்பம் தொடங்குமிடம் வீடு. ஓர் உதாரணத்தைக் கவனிக்கலாம். வலிப்போ சர்க்கரையோ உள்ள பெண்ணுக்கு அவள் பெற்றோர் அதை மறைத்து விவாகம் செய்து வைக்கிறார்கள். புக்ககத்தில் அவள் மாத்திரைகளை அரிசிப் பானையில் ஒளித்து வைத்து, எவரும் காணாதபோது உண்ணுகிறாள். சில நாள் உண்ண வாய்ப்பதில்லை. கர்ப்பம் தரித்ததும், கண்டுபிடித்துவிடுவார்களோ என்று அஞ்சி முற்றிலும் நிறுத்திவிடுகிறாள். பிரசவ ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கும்போதும், பக்கத்தில் மாமியார் நிற்பதால், "ஒரு வியாதியும் இல்லை" என்கிறாள். பின்னர் நேரும் விபத்துக்கு விதியின் மேல் பழி. அவள் அஞ்சியது தன் வியாதிக்கு அன்று, வீட்டாரின் நாவுக்கே. முற்காலத்தில் வலிப்பு நோயைக் காட்டி ஹிந்து விவாகத்தைச் செல்லாததாக்கச் சட்டத்தில் இடமிருந்தது. 1999-இல் அந்தப் பகுதி நீக்கப்பட்டுவிட்டது. சட்டம் விட்டுவிட்டதைக் குடும்பம் பிடித்துக்கொண்டிருப்பது நியாயமன்று.

புருஷர்களுக்கு இதில் வேலையில்லை என்று எண்ணலாகாது. டாக்டரிடம் மனைவியோடு சென்று அவர் சொல்வதைத் தாமும் கேட்பது, புகையிலையையும் மதுவையும் விடுவது, சர்க்கரையும் கொதிப்பும் தமக்குண்டா என்று பார்த்துக்கொள்வது, கர்ப்பத்தைத் தள்ளிவைக்கச் சொன்ன காலத்தில் அதற்கு ஒத்துழைப்பது ஆகியவை அவர்கள் கடமை. சொற்பம் பேருக்கு, வியாதியின் கடுமையால், கர்ப்பமே வேண்டாமென்று டாக்டர் சொல்ல நேரும். அப்போது அந்த ஸ்திரீயைக் குறைவாக நடத்தாமல் காப்பது, பிள்ளை பெற்றவளைக் காப்பதற்குச் சமமான தர்மம்.

செலவைப் பற்றிச் சொல்வாருண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மேல் சிகிச்சை வேண்டியவர்களுக்குத் தஞ்சாவூரில், அக்காலத்துப் பிரபுக்களின் பெயரைத் தாங்கி நிற்கும் இராசா மிராசுதார் ஆஸ்பத்திரி இருக்கிறது. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்து, 1912-இல் சென்னை வைத்தியக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் அரசாங்கம் நடத்தும் மகப்பேறு உதவித் திட்டமும் உண்டு. ஆனால் அவ்வுதவி கர்ப்பத்தைப் பதிவு செய்த பின்னரே தொடங்குவது. அதற்கு முந்தின மூன்று மாதங்கள் குடும்பத்தின் பொறுப்பாகவே இருக்கின்றன. அக்காலத்துக்கு வேண்டியது சில நாள் கூலி, பஸ் கட்டணம், கொஞ்சம் பயறும் கீரையும் முட்டையுமே. வளைகாப்புக்கென்று அவள் நகையையே சங்கத்தில் ஈடுவைத்துக் கடன் வாங்கும் குடும்பங்கள், அத்தொகையில் ஒரு சிறு பாகத்தை அவளது கர்ப்பத்துக்கு முன்னர் செலவிட்டால், நள்ளிரவில் வண்டி தேடி அதே நகையைத் தனியாரிடம் அடகுவைக்கும் கஷ்டத்திலிருந்து பெரும்பாலும் தப்பலாம்.

ஐக்கிய சங்கங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. பொதுநல நிதி வைத்திருக்கும் சங்கங்கள், ஏழை அங்கத்தினர் வீட்டு ஸ்திரீகள் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வழிச்செலவு கொடுக்கத் தங்கள் உபவிதிகள் இடங்கொடுக்குமா என்று பரிசீலிக்கலாம். வருஷத்துக்கு இருமுறை, நடவுக்கு முன்னரும் அறுவடைக்குப் பின்னரும், கிராம சுகாதார செவிலியரைச் சங்கக் கட்டிடத்துக்கு அழைத்துப் புதிதாய் மணமானவர்களுக்கும் அடுத்த குழந்தையை விரும்புகிறவர்களுக்கும் ஹீமோகுளோபின், சர்க்கரை, கொதிப்பு ஆகிய மூன்றையும் பார்க்கச் செய்யலாம். யாருக்கு என்ன வியாதி என்பது அந்தச் செவிலியருக்கும் அந்த ஸ்திரீக்கும் மட்டுமே தெரிய வேண்டும்; சங்கத்தின் எந்தப் புஸ்தகத்திலும் ஏறலாகாது. சுயஉதவிக் குழுக்களில் சேர்ந்துள்ள ஸ்திரீகள் தங்கள் கூட்டங்களில் இவ்விஷயத்தைப் பேசினால், ஒளித்து வைத்த மாத்திரைகள் தாமே வெளியே வரும்.

கடன் கேட்டு வரும் அங்கத்தினனிடம், அது எதற்கு, எப்போது வேண்டும், எப்படித் திரும்பும் என்று சங்கம் முன்னதாகவே கேட்கிறது. அவ்வாறு கேட்டுப் பழகிய ஜனங்கள், தங்கள் வீட்டில் பிள்ளைப்பேற்றை விரும்பும் ஸ்திரீயிடமும் மூன்று கேள்விகளை முன்னதாகவே அன்போடு கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும்: உனக்கு என்ன உபாதை இருக்கிறது, என்ன மருந்து உண்கிறாய், டாக்டரிடம் எப்போது போகலாம்? வரும் பருவத்துக்கு வாய்க்காலைத் தூர்வாரத் தொடங்குமுன் ஒவ்வோர் அங்கத்தினரும் இக்கேள்விகளைத் தம் இல்லத்தில் கேட்டு, அவள் பயமின்றி விடை சொல்லும்படி நடந்துகொள்வார்களாக.